இருக்கட்டும், நீ போ

மார்ச் 4

வாலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ போன் செய்வதெல்லாம் தெரியும். மணி அடிக்கும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். எடுக்க மாட்டேன். அண்ணிக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமும் உண்டு. ஆனால் பேச ஆரம்பிக்கும் முன்னால் நீ ஒரு 'ம்' போடுவாயே, அதே 'ம்'தான் உன் அண்ணனுக்கும். உங்கள் இரண்டு பேருக்கும் மூக்கு ஒத்துப்போகவில்லை, முழி ஒத்துப்போகவில்லை, 'ம்' மட்டும் ஒத்துப்போயிருக்கிறது. அதைக் கேட்கிற தெம்பு இன்னும் வரவில்லை. அதனால் கடிதம். எட்டாவதோடு நின்றவள் எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

விஷயம் இதுதான். நேற்று சூப்பர்வைசர் எங்கள் மடிப்பு மேஜைக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நிறுத்தி வெச்சிருந்த மிஷின் பதினெட்டாந்தேதி திரும்ப வருது. புத்தி சொல்லி அனுப்புறாங்களாம்."

எல்லாரும் கையில் இருந்த விரிப்பை அவசர அவசரமாக மடித்தார்கள்.

தானாக நகர்ந்து வந்து மூட்டை தூக்குகிற அந்த மிஷினுக்கு உங்கள் ஆபீசில் என்ன பேரோ, எங்கள் சலவைக்கூடத்தில் அதற்குப் பேர் மாப்பிள்ளை. வந்தால் எல்லாரும் வழி விட வேண்டும், விறைப்பாக நிற்கும், யார் முகத்தையும் பார்க்காது. பேர் வைத்தது உன் அண்ணன். "என் தங்கச்சி வளர்த்த பிள்ளை, ஒருத்தரும் திட்டக் கூடாது"ன்னு சொல்லிக்கொண்டே அவரே திட்டுவார்.

அவர் இருந்த ஈரப்பக்கத்தில் இப்போது கண்ணாடியக்காவைப் போட்டிருக்கிறார்கள். டிரம்மிலிருந்து ஈரத்துணியை இழுத்து வண்டியில் போடுகிற இடம். அவள் என்னோடு பன்னிரண்டு வருஷம் ஒரே மேஜையில் மடித்தவள். அவளுக்கு அடிக்கடி தலை சுற்றும். சொல்ல மாட்டாள். உட்காருங்கக்கா என்றால் இருக்கட்டும், தண்ணி குடிங்கக்கா என்றால் இருக்கட்டும். நாளைக்கு நாலு தடவையாவது போய் அவளை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மறைக்காமல் சொல். உன் அண்ணன் உயிர் போன அன்றைக்கு நாங்கள் எல்லாரும் டீ குடிக்க முன்பக்கம் போயிருந்தபோது, அந்த மிஷின் அவர் பக்கத்தில் வந்ததா இல்லையா? வந்தது, பார்த்தது, போய்விட்டது என்று இங்கே முணுமுணுக்கிறார்கள். நான் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். நீ அந்த ஆபீசில்தான் இருக்கிறாய். உனக்குத் தெரியாமல் இருக்காது.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. அதை இப்போது எழுத மாட்டேன்.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதையும் கிழித்துவிடுவேனோ என்ற பயத்தில் எழுதி முடித்ததும் ஒட்டிவிடப் போகிறேன்.

வந்தது அண்ணி. காலை பத்து நாற்பத்திரண்டுக்கு. அண்ணன் வண்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அது பக்கத்தில் போய் நின்று, "தூக்கட்டுமா?" என்று கேட்டது. வண்டியைத்தான் கேட்டது. அண்ணன் "இருக்கட்டும், நீ போ" என்றார். அது போய்விட்டது. போகிற வழியில் தன் குறிப்பில் 'உதவி வேண்டாம் என்றார்' என்று எழுதிக்கொண்டது. நீங்கள் எல்லாரும் திரும்பி வந்தபோது மணி பதினொன்று ஒன்று.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் முதல் மூன்று தாளும். நிறுத்த முடியவில்லை.

என் வேலை என்ன என்று நீங்கள் எப்போதாவது கேட்டால் "மிஷினுக்கு மனுஷங்களைப் புரிய வைக்கிறது"ன்னு பெருமையாகச் சொல்வேன், இல்லையா? யார் எவ்வளவு பக்கத்தில் வந்தால் பிடிக்கும், எந்தக் குரலுக்கு என்ன அர்த்தம், எந்தச் சொல் சரி, எந்தச் சொல் வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆயிரத்து அறுநூறு சொற்களை ஒரே மத்தியானத்தில் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டேன். சரி என்பதற்கு ஒரு கட்டம், வேண்டாம் என்பதற்கு ஒரு கட்டம். 'இருக்கட்டும்' வந்தபோது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வேண்டாம் கட்டத்தில் போட்டேன். வேறு யாரும் இல்லை அண்ணி, நான்தான். அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவள்.

இப்போது அதை அங்கிருந்து எடுத்துவிட்டேன். இனிமேல் யாராவது இருக்கட்டும் என்றால் அது விட்டுப் போகாது, கை கொடுக்கும். பதினெட்டாம் தேதி வருவது அப்படித்தான் வரும்.

அந்த நாற்பது வினாடிப் படம் எங்களிடம் இருக்கிறது. அதன் கண்ணில் பதிந்தது. நான் பார்த்தேன். நீங்கள் கேட்டால் நான் மறுக்க முடியாது. கேட்காமல் இருங்கள் என்று கெஞ்சுகிறேன்.

என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

வாலு


மார்ச் 13

வாலுக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். திட்டச் சொல்லி எழுதியிருந்தாய். சரி.

அவர் போன நாலாம் நாள். நீ வாசலில் பையோடு நின்றாய். "அண்ணி, நான் இன்னும் பத்து நாள் இருக்கட்டுமா?" என்று கேட்டாய். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "இருக்கட்டும், உனக்கு வேலை கிடக்கும், நீ போ" என்றேன். நீ போய்விட்டாய்.

பதினொரு வயசில் உனக்கு நான் தலை பின்னிவிட ஆரம்பித்தேன். பின்னல் இழுத்து வலித்தால்கூட நீ வாயால் சொல்ல மாட்டாய், தோளைத் தூக்குவாய். நான் புரிந்துகொண்டு தளர்த்துவேன். அப்படிப்பட்ட உனக்கு நான் சொன்னது புரியவில்லையா?

மிஷின் விட்டுவிட்டுப் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வளர்த்தவளும் அப்படித்தானே போனாள்.

இதைத்தான் அன்றைக்கு எழுதாமல் விட்டேன்.

அண்ணி


மார்ச் 20

வாலுக்கு,

நீ பதில் போடவில்லை. அந்தக் கடிதத்துக்கு நீ பதிலே போடாவிட்டாலும் சரி. இதைப் படித்துவிடு. அவசரம்.

மாப்பிள்ளை வந்தது. முதல் நாள் நன்றாக இருந்தது. வண்டியைத் தள்ளியது, மூட்டையைத் தூக்கியது, எல்லாரும் சிரித்துக்கொண்டே வேலை செய்தார்கள். இஸ்திரிப்பக்கம் இருக்கிற கட்டையன் அதன் முன்னால் போய் நின்று, "என்ன மாப்பிள்ளே, மாமியார் வீட்டுல நல்லா சாப்பிட்டு வந்தியா?" என்றான். அது "உங்களுக்கு உதவி வேண்டுமா?" என்றது. "எனக்கு எவ்வளவோ வேணும், நீ குடுக்க மாட்டே" என்றான்.

இரண்டாம் நாள், அதாவது நேற்று. டிரம்முக்குள் விரிப்பெல்லாம் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு கிடந்தது. கண்ணாடியக்கா தோள்வரை கையை உள்ளே விட்டு முடிச்சை எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை போய் "இழுக்கட்டுமா?" என்று கேட்டது. அவள் திரும்பாமலே "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றாள். அது விரிப்பின் மறுநுனியைப் பிடித்து இழுத்துவிட்டது. துணி அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகிவிட்டது. அவள் போட்ட கத்தல் மடிப்பு மேஜைவரை கேட்டது. நான் ஓடினேன். சூப்பர்வைசர் மிஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அடித்தார். இன்று காலையில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

எலும்பு முறியவில்லை. சதை பிசகியிருக்கிறது. ஆறு வாரத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்டுப் போட்டவரிடமும் "இருக்கட்டும் டாக்டர், சின்னதுதானே" என்றாளாம்.

டீ நேரத்தில் வண்டி மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். ஒருத்தர் இருக்கட்டும் என்றார், அது விட்டுவிட்டுப் போயிற்று. இன்னொருத்தி இருக்கட்டும் என்றாள், அது பிடித்து இழுத்தது. நடுவில் ஒன்றும் தெரியாதா அதற்கு? நடுவில்தானே வாலு மனுஷன் எல்லாம் இருக்கிறான்.

என்ன செய்யப் போகிறாய், சொல்.

அண்ணி


மார்ச் 25

அன்புள்ள அண்ணி,

உங்கள் இரண்டு கடிதமும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முதலில் பதின்மூன்றாம் தேதிக் கடிதம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் நான் இரண்டு பஸ்ஸை விட்டேன். நீங்கள் பின்னாலேயே வந்து "எங்கேடி போறே"ன்னு கேட்பீர்கள் என்று காத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவதில் ஏறினேன். நீங்கள் நான் திரும்பி வருவேன் என்று வாசலைப் பார்த்திருப்பீர்கள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

இப்போது மிஷின் விஷயம். இங்கே எல்லாரும் கலங்கிப்போயிருக்கிறார்கள். எங்கள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இந்தச் சரி, வேண்டாம் வம்பே வேணாம். கேட்கிறதையே எடுத்துருவோம். வண்டியைத் தள்ளட்டும், மூட்டையைத் தூக்கட்டும், யார்கிட்டயும் எதையும் கேட்காம அது பாட்டுக்குப் போகட்டும்" என்றார். அப்படிச் செய்தால் அடிபடாது என்பது உண்மைதான். ஆனால் தரையில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் அது சுற்றிக்கொண்டு போய்விடும். ஒரு தடவைகூடக் கேட்காது.

நான் அவரோடு சண்டை போட்டேன். ஏப்ரல் கடைசிவரை நாள் கொடுத்திருக்கிறார். அதற்குள் சரியாக வரவில்லை என்றால் அவர் சொன்னதுதான்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை அண்ணி. குரலை எடுத்து அளந்து பார்க்கிறோம். கண்ணாடியக்காவின் குரலும் அண்ணன் குரலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன, இரண்டிலும் அவசரம் இல்லை, இரண்டிலும் கொஞ்சம் சிரிப்பு இருக்கிறது. முகமும் உதவவில்லை. ஒருத்தர் குனிந்திருக்கிறார், ஒருத்தர் திரும்பியிருக்கிறார்.

நீங்கள் எல்லாரும் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? ஒரே மேஜையில் பன்னிரண்டு வருஷம் நின்றிருக்கிறீர்கள். அவள் சொல்கிற இருக்கட்டும் எது உண்மை, எது பொய் என்று உங்களுக்கு எப்படித் தெரிகிறது? படித்தவர்கள் சொல்கிற மாதிரி வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த மாதிரி எழுதுங்கள். உங்களைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

வாலு


ஏப்ரல் 1

வாலுக்கு,

இரண்டு பஸ்ஸை விட்டாய் என்பது எனக்குத் தெரியாது. நான் வாசலைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் தெருமுனை தெரியும். சரி, விடு.

நீ கேட்டதற்கு உடனே பதில் தெரியவில்லை. தெரிகிறதே தவிர எப்படித் தெரிகிறது என்று யார் யோசித்தார்கள்? அதனால் ஐந்து நாள் வேலை செய்துகொண்டே எல்லாரையும் கவனித்தேன். கட்டையன்கூட "என்னக்கா, புதுசா என்னைப் பாக்குற மாதிரி பாக்குறீங்க" என்றான். "உன் அழகை இல்லடா, நீ பேசுறதை" என்றேன்.

ஒருத்தர் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை இருக்கட்டும் வருகிறது தெரியுமா? டீ வேணுமா என்றால் இருக்கட்டும் என்கிறார்கள். அது வேணும், நீயே கொண்டு வந்து வை என்று அர்த்தம். உங்க மகள் பாஸ் பண்ணிட்டாளாமே என்றால் இருக்கட்டும் இருக்கட்டும் என்கிறார்கள். அது இன்னும் கொஞ்சம் சொல் என்று அர்த்தம். சூப்பர்வைசர் திட்டிவிட்டுப் போன பிறகு கட்டையன் பல்லைக் கடித்துக்கொண்டு "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றான். அந்தப் பக்கம் மாப்பிள்ளையை விட்டுவிடாதே, அது அடிதடி. அந்த மேஜையை எங்கே வைக்கட்டும் என்றால், இருக்கட்டும். அது நிஜமாகவே மேஜை அங்கேயே இருக்கட்டும் என்றுதான்.

வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் ஒன்றும் கிடைக்காது வாலு. நாங்கள் யாரும் வார்த்தையைக் கேட்பதில்லை. நேற்றுத்தான் எனக்கே புரிந்தது. நாங்கள் கையைப் பார்க்கிறோம்.

இருக்கட்டும் என்று சொல்கிறவள் கை வேலை செய்துகொண்டிருந்தால் அவளை விட்டுவிட வேண்டும். அவளுக்கு நடுவில் யாரும் வரக் கூடாது. கண்ணாடியக்கா கை அன்றைக்கு டிரம்முக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. இருக்கட்டும் என்கிறபோது கை நின்றுபோயிருந்தால், மேஜை விளிம்பைப் பிடித்திருந்தால், சும்மா தொங்கினால், அந்த இருக்கட்டும் வேறே. அப்போது நாங்கள் அவளைத் தொடவும் மாட்டோம், போகவும் மாட்டோம். பக்கத்தில் நின்று ஏதாவது துணியை எடுத்து மடிப்போம், மடித்ததையே பிரித்து மடிப்போம். கொஞ்ச நேரம் கழித்து வேறு மாதிரி இன்னொரு தடவை கேட்போம். அதற்குள் அவளே "தலை ஒரு மாதிரியா இருக்கு" என்பாள். இதற்கு எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

அந்தப் படம் எனக்கு வேண்டாம். அனுப்பாதே. ஒன்றே ஒன்று மட்டும் பார்த்துச் சொல்.

இருக்கட்டும் என்று சொன்னபோது அவர் கை எங்கே இருந்தது?

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணி,

மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னதை மட்டும் பார்த்தேன்.

மடியில் இருந்தது. இரண்டு கையும். உள்ளங்கை மேலே பார்த்தபடி. நாற்பது வினாடியும் அசையவில்லை.



வாலு


ஏப்ரல் 12

வாலுக்கு,

உன் கடிதம் இரண்டு வரிதான். அதைப் படிக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் செருப்பைத் திருப்பி அடியைச் சுரண்டுவார். பேசும்போது பட்டனைத் திருகுவார். தூக்கத்தில்கூட விரல் போர்வையை நிமிண்டிக்கொண்டிருக்கும். இரண்டு கையும் மடியில், உள்ளங்கை மேலே. பார்த்திருந்தால் நான் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பேன். பார்த்திருந்தால்.

இப்போது நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன்னைத் திட்டினேன். மிஷினைத் திட்டினேன். சூப்பர்வைசரையும் மனசுக்குள் திட்டினேன். இதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்குக் காலையில் அவர் எழுந்ததிலிருந்து இடது தோளை அழுத்திக்கொண்டே இருந்தார் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடியும். நான் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். டப்பா மூடி சரியாக மூடவில்லை. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே "உடம்பு ஒரு மாதிரியா இருந்தா இன்னிக்கு லீவு போடுங்களேன்" என்றேன். பின்னாலிருந்து அவர் "இருக்கட்டும்" என்றார். நான் திரும்பவில்லை. மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை கேட்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் வேலைக்கு நடந்து போனோம். வழியெல்லாம் அந்த மூடியைப் பற்றித்தான் பேசினேன். புது டப்பா வாங்க வேண்டும் என்று.

அந்த மிஷினாவது அவருக்கு நேராக நின்று அவரைப் பார்த்தது வாலு. நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அதனால் நீ ஒரு கட்டத்தில் ஒரு வார்த்தையைப் போட்டாய் என்பதற்காக உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அதே கட்டத்தில்தான் போட்டேன்.

மிஷினுக்கு இதைச் சொல்லிக்கொடு. முதலில் கையைப் பார்க்க வேண்டும். கை வேலையில் இருந்தால் ஒதுங்க வேண்டும். கை சும்மா இருந்தால் இழுக்கவும் கூடாது, போகவும் கூடாது. இரண்டு கை தூரத்தில் நிற்க வேண்டும். நின்று, வேறு மாதிரி இன்னொரு தடவை கேட்க வேண்டும். அப்போதும் கை அசையவில்லை என்றால் எங்களைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். அது ஒன்றும் வைத்தியம் பார்க்க வேண்டாம். ஆள் வரும்வரை நின்றால் போதும்.

உங்கள் மேலதிகாரி கேட்டால், கேள்வி கேட்காத மிஷினை எங்கள் கூடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நான் யார் என்று கேட்டால் அதையும் சொல்.

அண்ணி


ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணி,

சொன்னேன். நீங்கள் யார் என்று கேட்கவில்லை, அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு "செஞ்சு பாருங்க" என்றார். அவர் கையைப் பார்த்தேன். வேலையில் இருந்தது. அதனால் வெளியே வந்துவிட்டேன். எனக்கும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது.

ஒரு வாரமாக ஆபீசில் ஒரே கூத்து. ஆள் மாற்றி ஆள் மயங்கி விழுகிற மாதிரி நடித்து, மிஷினிடம் இருக்கட்டும் சொல்லிப் பார்க்கிறோம். எங்கள் கணக்கு எழுதுகிற பையன்கள் நடிக்கவே லாயக்கில்லை. கீழே உட்கார்ந்தாலும் போனை நோண்டிக்கொண்டே உட்காருகிறார்கள். மிஷின் 'கை வேலையில் இருக்கிறது' என்று ஒதுங்கிப் போய்விடுகிறது. "நான் சாகக் கிடக்கேன், நீ போறியா?" என்று ஒருத்தன் கத்தினான். "செத்தாலும் போனை விடமாட்டேன்னா அது என்ன பண்ணும்?" என்று இன்னொருத்தி கேட்டாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அழுகை வந்தது.

நூறு தடவையில் ஏழு தடவை தப்புச் செய்கிறது. சும்மா ஓய்வாக உட்கார்ந்திருக்கிறவர்களையும் பார்த்து நின்றுவிடுகிறது. அது பரவாயில்லை என்று முடிவு செய்தோம். விட்டுப் போவதைவிட நிற்பது மேல். ஆனால் எனக்குள் பயம் போகவில்லை. ஒரு தடவை நல்லது என்று நினைத்துத்தான் கண்ணாடியக்கா கையை முறுக்கினேன். ராத்திரி கண்ணை மூடினால் எந்தச் சொல்லை எங்கே போட்டேனோ என்று வரிசையாக வருகிறது.

இருபத்தெட்டாம் தேதி அங்கே வரும். முதல் வாரம் தயவுசெய்து யாரையும் தனியாக ஈரப்பக்கத்தில் விடாதீர்கள்.

அண்ணி, நான் வரட்டுமா? மிஷினோடு இல்லை. சும்மா.

வாலு


மே 7

வாலுக்கு,

மாப்பிள்ளை வந்து ஒன்பது நாள் ஆயிற்று. உடனே எழுதவில்லை. நல்லபடியாக எழுதிவிட்டு மறுநாள் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

முதல் நாலு நாள் எல்லாருக்கும் எரிச்சல். யார் டீ குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாலும் எதிரில் போய் நிற்கிறது. கட்டையன், "என்னம்மா இது, கடன்காரன் மாதிரி வந்து நிக்குது" என்று வேலையே இல்லாமல் கையை ஆட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். இப்போது எங்கள் கூடத்தில் ஓய்வு எடுக்கிறவர்கள் எல்லாரும் கையை ஆட்டிக்கொண்டுதான் ஓய்வு எடுக்கிறார்கள். வெளியாள் யாராவது பார்த்தால் கூண்டோடு பைத்தியம் என்று நினைப்பார்கள்.

நேற்று முன்தினம் மத்தியானம். கண்ணாடியக்கா கட்டு அவிழ்த்து வேலைக்கு வந்து மூன்றாம் நாள். நீ சொன்னாய் என்று நான் அவளோடு ஈரப்பக்கத்தில்தான் இருந்தேன். ஐந்து நிமிஷம், கிளிப் எடுக்க ஸ்டோருக்குப் போனேன். திரும்பி வரும்போது மாப்பிள்ளை ஆளைக் கூப்பிடுகிற மணி அடிக்கிறது. ஓடினேன். அதே வண்டி. அதே இடம். அவள் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையும் மடியில். ஆனால் எதிரில் இரண்டு கை தூரத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தது. போகவில்லை.

"இருக்கட்டும்னு சொன்னேன், போய்த் தொலைய மாட்டேங்குது" என்றாள். முகமெல்லாம் வேர்வை. "எழுந்திருக்க முடியுமான்னு கேட்டுச்சு. அதுக்கும் இருக்கட்டும்னேன். ஊரையே கூட்டிருச்சு. என் மானத்தை வாங்கிட்டான்."

அவளுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். கேட்டிருந்தால் இருக்கட்டும் என்றிருப்பாள். பிஸ்கட்டும் சர்க்கரைத் தண்ணியும் கொடுத்ததும் மறுபடி வாயடிக்க ஆரம்பித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஸ்டோருக்குப் போய்க் கிளிப் டப்பாவை எண்ணுகிற மாதிரி நின்றுகொண்டு அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால் கதவுக்கு வெளியில் மாப்பிள்ளை நிற்கிறது. "உங்களுக்கு உதவி வேண்டுமா?" என்றது. கையில் டப்பா இருந்தும் எப்படித் தெரிந்துகொண்டதோ. அந்த ஏழு தப்பில் இதுவும் ஒன்றாக இருக்கும். "ஒண்ணுமில்ல, நீ போ" என்றேன். போகவில்லை. வைதேன். அப்போதும் நின்றது. சரி, நில் என்று விட்டுவிட்டேன். அவர் பக்கத்தில் இப்படி நின்றிருக்கலாம் என்று நினைத்தேன். நான் நின்றிருக்கலாம் என்றும் நினைத்தேன்.

நீ வரட்டுமா என்று கேட்டிருந்தாய். எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். ஒரு ஆளுக்குச் சமைக்கிற அளவு இன்னும் பிடிபடவில்லை, தினமும் மிஞ்சுகிறது. அவர் சட்டையெல்லாம் துவைத்து வைத்திருக்கிறேன், மடிக்கவில்லை. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு மடிக்கிறவள், அந்த ஆறு சட்டை நாற்காலியில் அப்படியே கிடக்கிறது. மாலையில் வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம் உட்காருகிறேன். வேறு வேலை ஒன்றும் ஓடுவதில்லை. போன் அடித்தால் அடுத்த தடவை எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

உனக்கு அங்கே வேலை தலைக்குமேல் இருக்கும். இப்போது எதற்கு வீணாக அலைச்சல். இருக்கட்டும்.

அண்ணி


மே 11

அண்ணி,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. முதல் தடவை படித்தபோது கடைசி வரியைப் படித்தேன். இரண்டாம் தடவை உங்கள் கையைத் தேடிப் படித்தேன்.

இதை ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆடுகிறது, எழுத்து உங்கள் எழுத்தைவிடக் கோணல். தபாலில் போடப் போவதில்லை. கையில் தருவேன்.

தெருமுனையில் என்னைப் பார்த்ததும் ஜன்னலை விட்டு எழுந்து அடுப்பங்கரைக்குப் போய் எதையாவது துடைக்க ஆரம்பிப்பீர்கள். தெரியும். "எதுக்குடி வந்தே, நான்தான் இருக்கட்டும்னு எழுதினேனே" என்று கேட்பீர்கள். நான் எதையும் இழுக்க மாட்டேன். வாசலைத் தாண்டி இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டு, நாற்காலியில் கிடக்கிற சட்டையில் ஒன்றை எடுத்து மடிப்பேன். எனக்கு மடிக்கத் தெரியாது. நீங்கள் பொறுக்க முடியாமல் வந்து பிடுங்குகிறவரை மடித்துக்கொண்டிருப்பேன்.

"நீ போ" என்பீர்கள்.

நான் நிற்பேன் அண்ணி.

வாலு